ஒன்று பத்துக்கு வரும் பச்சைக் கட்டம்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் பார்த்தது பட்டப்பகலில். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். கேமராவில் பதிவான அந்த வீடியோவை அறந்தாங்கியில் என் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். வாய் ஓயாத மனிதர், பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

என் பெயர் வசந்தகுமார். கீரமங்கலத்தில் சிசிடிவி கேமரா மாட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் தொழிலுக்குக் குறைவில்லை. குவைத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரில் தேங்காய் விழுந்ததா என்று பார்ப்பார்கள்.

கோபிநாத்தும் குவைத்திலிருந்துதான் பேசினார்.

"தோப்பு வீட்டுல தம்பி நாகராசு இருக்கான். கேட்டுல ஒண்ணு, கொல்லையில சுத்துற கேமரா ஒண்ணு போட்டுருங்க. அப்பா நடமாடுறத நான் பாக்கணும். எப்ப போன் போட்டாலும் தூங்குறாருங்குறான்."

போனேன். நாகராசு தன்மையான ஆள். போனதும் காபி வந்தது. அப்பா எங்கே என்று கேட்டேன்.

"திருமயத்துல அக்கா வீட்டுக்குப் போயிருக்காருங்க. அண்ணன்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

அக்காவுக்கும் கோபிநாத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கொல்லையில் தேங்காய் குவிந்து கிடந்தது. அதைத் தாண்டி ஒரு பழைய மோட்டார் ரூம். தகரக் கதவு. அதில் பளபளவென்று புதுப் பூட்டு. கதவடியில் நசுங்கிய அலுமினியத் தட்டு. லேசாக மூத்திர வாடை. கூரை மேல் ஒரு கைத்தடி கிடந்தது.

திருமயம் போன பெரியவர் கைத்தடியை விட்டுவிட்டா போவார்? இதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

"அங்கிட்டு வேணாங்க," என்றார் நாகராசு. "தேங்காய பாத்தாப் போதும்."

கேமராவைத் தேங்காய்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

இந்தக் கேமராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் யாராவது நடந்தால் அது கண்டுபிடித்துவிடும். போன் திரையில் அவரைச் சுற்றிப் பச்சையாக ஒரு கட்டம் போடும். அவர் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். நாய்க்குக் கட்டம் போடாது. மாட்டுக்கும் போடாது. மனிதருக்கு மட்டும்தான்.

அடுத்த வாரம் நாகராசு கூப்பிட்டார்.

"கேமரா தன்னால திரும்புதுங்க. மத்தியானமானா மோட்டார் ரூமையே பாக்குது."

திங்கட்கிழமை மதியம் போனேன். இருவரும் கொல்லையில் நின்று, கேமராவை இணைத்திருந்த என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று இல்லை. ஒரு கீற்றுகூட அசையவில்லை.

மணி 1.10.

ர்ர்ர்... கம்பத்தில் கேமரா திரும்பியது.

திரையில் பச்சைக் கட்டம். அடுப்படிக் கதவிலிருந்து கிளம்பியது. குட்டையான கட்டம். மெல்ல மெல்ல, எதையோ சிந்தாமல் கொண்டுபோகிற நடையில் கொல்லையைக் கடந்தது.

கட்டத்துக்குள் யாரும் இல்லை.

நிமிர்ந்து நேராகப் பார்த்தேன். வெறும் வெயில். குனிந்து போனைப் பார்த்தேன். கட்டம் எங்களைத் தாண்டிக்கொண்டிருந்தது. மோட்டார் ரூம் வாசலில் போய் நின்றது. அப்படியே நின்றது.

நாகராசுக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஆள் தேடுறத நிறுத்திருங்க."

"மிஷின் கோளாறுங்க," என்றேன். அந்த வசதியை அணைத்தேன்.

அப்போதுதான் அது கேட்டது. தகரத்தில்...

டக். டக். டக்.

பிறகு அமைதி. மறுபடியும் டக், டக், டக்.

"எலிங்க," என்றார் நாகராசு. என் முகத்தைப் பார்க்கவில்லை.

எலி மூன்று முறை தட்டிவிட்டுப் பதில் வருகிறதா என்று காத்திருக்குமா? அது எலி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வண்டியை எடுத்தேன். அடுத்த வீட்டு விவகாரம் நமக்கு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

செவ்வாய்க்கிழமை கடையில் இருந்தேன். 1.10. என் போன் கத்தியது. 'மனித நடமாட்டம்.' அணைத்து வைத்த வசதி தானாக வேலை செய்கிறது. அதே கட்டம். அதே நடை. அதே கதவு.

புதன்கிழமையும் வந்தது.

வியாழக்கிழமை நான் போனை மியூட் செய்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். பக்கத்தில் போன். நான் தொடவில்லை. திரை தானாகத் திறந்தது.

1.10.

கட்டம் மோட்டார் ரூம் வாசலில் நின்றது.

வழக்கமாக அங்கேயே நிற்கும்.

அன்று... திரும்பியது.

கேமராவை நோக்கி வந்தது.

பெரிதானது. இன்னும் பெரிதானது.

திரை முழுக்கப் பச்சை விளிம்பு. நடுவில் வெறும் கொல்லை.

மூச்சுச் சத்தம்...

"தம்பி."

வயதான பெண் குரல்.

"சாவி ஒரலுக்குள்ள கெடக்கு."

"அவருக்குத் தொண்ட காயுது..."

திரை அணைந்தது.

பிசைந்த சோறு கையிலேயே காய, போலீசுக்குப் போன் அடித்தேன். ஒரு கான்ஸ்டபிள் வந்தார், அவரோடு தோப்பு வீட்டுக்குப் போனேன். நாகராசு குடும்பத்தோடு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. கொல்லைக்கு ஓடினேன். கிணற்றடியில் பழைய ஆட்டுரல் கிடந்தது. குழி நிறைய சருகு. கைவிட்டேன். விரலில் சாவி தட்டியது.

கதவைத் திறந்தோம்.

சிவசாமி என்ற அந்தப் பெரியவர் தரையில் கிடந்தார். ஒரு கால் மோட்டார் பைப்போடு நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. கயிறு பட்ட இடத்தில் தோல் இல்லை. கையில் ஒரு டம்ளர், காலி. அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறார். கான்ஸ்டபிள் கயிற்றை அறுக்க, நான் வாயில் தண்ணீர் விட்டேன். கொஞ்சம் உள்ளே போனது. கண் திறந்து என்னையே பார்த்தார்.

"கேமராக்காரத் தம்பிதானே? அன்னிக்கு ஒன் பேச்சுக் கேட்டுச்சு. தட்டுனேனே... ஒனக்குக் கேக்கலையா?"

கேட்டது என்று எந்த வாயால் சொல்வேன்?

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாலு நாளைக்கு முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்." நான்கு நாளைக்கு முன் என்றால் திங்கட்கிழமை. மறுநாள் விடிவதற்குள் பெரியவர் போய்விட்டார்.

நாகராசைப் பிடித்தார்கள். அவர் ஸ்டேஷனில் அழுததை நானே பார்த்தேன். அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே வந்ததாம். ஒருநாள் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் பஸ் நிற்கிற இடத்தில் நின்றாராம், ஊரே சிரித்ததாம். "பூட்டி வச்சா மானமாச்சும் மிஞ்சும்னு நெனச்சேன் சார்." முதலில் மூன்று வேளையும் சோறு போயிருக்கிறது. பிறகு ஒரு வேளை. பிறகு நினைப்பு வந்தால் போயிருக்கிறது. அவரைத் திட்ட எனக்கு வாய் வந்தது. ஆனால் தட்டிய சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும்தானே கேட்டது.

கோபிநாத் வந்து காரியம் முடிந்தது. அவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். குட்டையான கட்டம் கொல்லையைக் கடப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா நடை," என்றார். "மூக்காயி. தண்ணி பாய்ச்சுற நாள்ல அப்பா மோட்டார் ரூமை விட்டு வராது. ஒரு மணிக்கு மேல அம்மா சோத்தைத் தூக்கிக்கிட்டுப் போகும். சாவிய ஒரலுக்குள்ள போடுறதும் அம்மா பழக்கம்தான். அதையே தம்பியும் புடிச்சுக்கிட்டான்."

"அம்மா இப்ப..."

"செத்து அஞ்சு வருசமாச்சுங்க."

அன்றே ஏணி போட்டு ஏறிக் கேமராவைக் கழற்றினேன். அந்த மாடலில் இரண்டு ரகம் உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் பேச்சுக் கேட்கும். இன்னொன்றில் கேட்காது. பின்பக்கம் ஒட்டியிருந்ததைப் படித்தேன். சந்தேகமாக இருந்ததால் மூடியைத் திறந்தும் பார்த்தேன்.

உள்ளே மைக் இல்லை.

முதியவர்களுக்கென்றே 14567 என்று ஒரு உதவி எண் இருப்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் எந்த வீட்டில் கேமரா மாட்டப் போனாலும், பெரியவர் தூங்குகிறார் என்று சொன்னால், தூங்கட்டும், ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்விடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். பரவாயில்லை.

கழற்றிய கேமராவை யாருக்கும் விற்கவில்லை. கடையில் மேசைக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறேன். மதியம் 1.10 ஆனால் அது ரோட்டுப் பக்கம் திரும்பும். போன் திரையில் கட்டம் வரும்.

இப்போது இரண்டு கட்டம் வருகிறது. குட்டையாக ஒன்று. அதன் பக்கத்தில், ஒரு காலை இழுத்துக்கொண்டு, உயரமாக ஒன்று.

இரண்டும் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும். ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரத்தில் மேசையில்...

டக். டக். டக்.

கேட்கிறது ஐயா என்று சொல்கிறேன். தினமும் சொல்கிறேன்.

மறுநாளும் வந்து தட்டுகிறார்.