வெள்ளிக்கிழமைப் பொட்டு

நான் கர்த்தரை விட்டுப் போனதற்குக் குடியும் காரணமில்லை, பெண்ணும் காரணமில்லை. சாட்சி சொல்லப் போய்த்தான் கெட்டேன்.

எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் கிறிஸ்தவன். புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில், அப்பா இல்லாத குறை தெரியாமல் என்னையும் தங்கையையும் அம்மா வளர்த்தார். பள்ளி முடிந்த கையோடு நான் ஞானஸ்நானம் எடுத்தபோது அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தடுக்கவில்லை. சனிக்கிழமைதோறும் என் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுத் தேய்த்து வைப்பார். ஒரே ஒரு தொல்லை. என் வேதாகமத்தைச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபோது, எல்லாப் படங்களுக்கும் வைத்ததுபோல் அதன் அட்டைக்கும் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டார்.

அன்று நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"இது பாவம்மா! இனிமே இத நான் எப்படித் தொடுறது?"

"எல்லாச் சாமிக்கும் வெச்சிட்டு உன் சாமிக்கு மட்டும் எப்படிடா வெக்காம விடுறது? கோவிச்சுக்காதா?" என்றார் அம்மா.

அதை அங்கேயே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன். பிறகு வேலையைச் சாக்குச் சொல்லி சுங்கை சோவில் அறை எடுத்துத் தங்கிவிட்டேன். எப்போதாவது வீட்டுக்குப் போனால் அம்மா நான்கைந்து சட்டைகளைத் தேய்த்து மடித்துக் கொடுத்தனுப்புவார்.

அம்மா இறந்த அன்று எங்கள் சபை பாஸ்டர் துக்கத்துக்கு வந்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "மந்திரம் சொல்ல வேணாம் தம்பி, பூசை செய்ய வேணாம். அம்மாவத் தோள்ல தூக்குங்க, நெருப்ப உங்க கையால வைங்க. அதுல பாவம் ஒன்னும் இல்ல" என்றார். அவரைவிட எனக்கு விசுவாசம் அதிகம் என்ற நினைப்பு. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே மோட்டார் பக்கத்தில் நின்றேன். தங்கை ஓடி வந்து, "வா அண்ணே, மொகத்தயாச்சும் பாத்துட்டுப் போ அண்ணே" என்று கையைப் பிடித்து அழுதாள். உதறினேன். ஒரே மகன் நான் நிற்க, தங்கையின் கணவர் கொள்ளிச் சட்டியைத் தூக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒருவர், "உறுதியா நின்னீங்க பிரதர், சாட்சி சொல்லுங்க" என்று என்னை மேடைக்கு அனுப்பினார். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க மறுத்ததைச் சொன்னேன். கைதட்டினார்கள். பாஸ்டர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து உட்கார்ந்து சட்டையைப் பார்த்தேன். அம்மா கடைசியாக மடித்துக் கொடுத்த சட்டை. தேய்த்த மடிப்பு இன்னும் கலையவில்லை. கண்ணை மூடினேன், ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை.

அன்றோடு போவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் கேட்டு வாங்கினேன். அம்மாவை என்னிடமிருந்து பிரித்தது நீர்தான் என்று ஆண்டவர் மேல் பழி போட்டேன். அவர் அப்படிக் கேட்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவர் முகத்தில் விழிக்க முடியவில்லை. இப்படியே ஒன்பது வருஷம் போனது.

போன வருஷம் லயத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். தங்கை குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியது. சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். லோரி கிளம்பும் முன் தங்கை ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்தால் என் பழைய வேதாகமம். அட்டையில் சந்தனமும் குங்குமமும் பொருக்குப் பொருக்காக ஏறி, எழுத்தே தெரியவில்லை.

"அம்மா இவ்ளோ நாளா வெச்சுச்சா?" என்றேன்.

"அம்மா இருந்த வரைக்கும் அம்மா. அப்புறம் நான். ஆஸ்பத்திரியில 'அவன் சாமிக்கு மட்டும் பொட்டு வெக்காம விட்டுடாத'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுச்சு. நீதான் உன் கோயிலுக்கும் போறதில்லல்லா அண்ணே. உனக்காக யாராச்சும் கேக்கணும்ல?"

நான் என் ஆண்டவரோடு பேசாமல் இருந்த அத்தனை வருஷமும், அந்த வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருத்தி எனக்காக அவரிடம் பேசியிருக்கிறாள். லோரி டிரைவர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே சபைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மடியில் இருந்த வேதாகமம் என் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாக்கிவிட்டது. பக்கத்திலிருந்த அக்கா டிஷ்யூ நீட்டினார்.

"பரவால்லக்கா, இருக்கட்டும்" என்றேன்.

எல்லாரும் ஜெபிக்கத் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். "ஆண்டவரே, அம்மாவுக்குக் கொள்ளி வைக்காத பிள்ளை வந்திருக்கேன்" என்றேன்.