முட்டை உடைக்கப் பழகிய விடுமுறை

அறுபதுகளின் நடுவில், நர்சிங் படிப்பின் கடைசிப் பரீட்சைக்கு முன் எங்களுக்குப் படிப்பதற்காக விடுமுறை விட்டார்கள். மற்ற பெண்கள் எலும்புகளின் பெயர்களையும் மருந்தின் அளவுகளையும் மனப்பாடம் செய்ய ஊருக்குப் போனார்கள். எனக்கு அவற்றில் பயமில்லை. நான் என் ஊரான செஞ்சிக்கு வந்தது முட்டை உடைக்கப் பழகுவதற்கு.

நாங்கள் சமணக் குடும்பம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு அதில்தான் வியாபாரம். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட அடுப்பருகே சொல்ல மாட்டார்கள். ஆனால் செய்முறைப் பரீட்சையில் நோயாளிக்கான சமையலும் உண்டு. சீட்டு எடுக்க வேண்டும், வந்ததைச் செய்து காட்ட வேண்டும். கஞ்சி வரலாம், பார்லித் தண்ணீர் வரலாம், எக் ஃபிளிப்பும் வரலாம். முட்டையை அடித்து, சர்க்கரை சேர்த்து, வெதுவெதுப்பான பாலில் கலந்து வடிகட்டித் தருவதுதான் எக் ஃபிளிப். மூன்று வருடமும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் என் முறை வரும்போது அதை மட்டும் என்னோடு படித்த ஒருத்தி செய்துவிடுவாள். நான் அவளுக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவுவேன். எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டருக்கு இது தெரியும்.

ஊருக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார். “பரீட்சையில முட்டை வந்தா என்ன செய்வே?”

“வராதுன்னு நம்பறேன் சிஸ்டர்.”

“நம்பினா மார்க் போட மாட்டாங்க. கத்துக்கிட்டு வா. பாஸ் பண்ணாத்தான் நர்சிங் கவுன்சில்ல உன் பேரைப் பதிவு பண்ணுவாங்க. பதிவு இல்லாம எங்கேயும் வேலை இல்ல.”

வீட்டில் ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. வந்த அன்றே சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “இதுக்குத்தான் அவ்ளோ தூரம் அனுப்பிச்சமா?” என்றாள். “நீ சாப்புடப் போறியா?” என்று கேட்டார் நைனா.

“இல்ல நைனா. நோயாளிக்குக் குடுக்கறதுக்கு.”

“அப்போ கத்துக்க. நம்ம வீட்ல வேணாம்.”

“கத்துக்கினு வந்தா குளிச்சிட்டுத்தான் அடுப்பாண்ட வரணும்” என்றாள் அம்மா. அது எனக்கும் நியாயமாகவே பட்டது.

அடுத்த தெருவில் என்னோடு பள்ளியில் படித்த முஸ்லிம் தோழி இருந்தாள். முதல் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்; கோழிக்கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.

“இன்னாடி, ஊசி போடற கை இப்டி ஆடுது?”

முதல் முட்டை ஓட்டோடு நொறுங்கியது. அடுத்ததில் பால் சூடு அதிகமாகி எல்லாம் திரிந்து போயிற்று. அவள் குறுக்கே வராமல் பக்கத்தில் உட்கார்ந்து, திரியாமல் வந்ததையெல்லாம் குடித்துத் தீர்த்தாள். கர்ப்பிணிக்குப் புரதம் அவசியம் என்று நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னதும், “அப்போ தெனமும் வா” என்றாள்.

ஒரு நாள் உடைத்த முட்டையின் மஞ்சளில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. ரத்தம். கிண்ணத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையே எழுத வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

தோழி வயிற்றைத் தாங்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தாள்.

“எத்தினி பிரசவம் பாத்திருக்கே? அங்க இல்லாத ரத்தமா?”

“அது உசுரு வர்ற எடம். இது நாம எடுத்துடறது.”

அவள் திண்ணையில் மெல்ல உட்கார்ந்தாள். “உன் ஆஸ்பத்திரில அதைக் குடிக்கறவங்க யாரு?” என்றாள்.

தீக்காயத்தோடு வந்த ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். வாயைத் திறக்கவே முடியாமல் கிடந்தவளுக்கு நான்தான் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். என் கை அப்போது கூசவில்லை. யாரோ உடைத்துத் தந்ததைத்தான் ஊட்டினேன் என்பதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தக் கூச்சம் அதனால் போய்விடவில்லை. ஆனாலும் மறுநாள் போனேன். கிளம்பும் வரை தவறாமல் போனேன்.

பரீட்சையில் சீட்டைப் பிரித்தேன். எக் ஃபிளிப்.

முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்து, அடித்து, பாலின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கலந்தேன். திரியவில்லை. வேறு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த, தமிழ் தெரியாத பரீட்சை அதிகாரி அம்மாள் கண்ணாடி டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், “சுவைத்துப் பார்” என்றார்.

இதை நானோ சிஸ்டரோ எதிர்பார்க்கவில்லை. “மன்னியுங்கள் மேடம், நான் முட்டை சாப்பிடுவதில்லை” என்றேன்.

“பிறகு சரியாக இருக்கிறதென்று உனக்கு எப்படித் தெரியும்?”

“அளந்துதான் போட்டேன். நோயாளியைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.”

அவர் டம்ளரை என் கையில் கொடுத்து வார்டுப் பக்கம் காட்டினார். முதல் கட்டிலில் காசநோயிலிருந்து தேறி வந்த ஒரு அம்மாள் படுத்திருந்தார். தலையணையை உயர்த்தி உட்கார வைத்துக் கொடுத்தேன். நிதானமாகக் குடித்து முடித்தார்.

“எப்டிம்மா இருக்குது?”

“நல்லாத்தான் இருக்குது. இன்னும் கொஞ்சம் சக்கரை போட்டிருக்கலாம்.”

பரீட்சை அதிகாரி என்ன என்று கேட்டார். மாற்றாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த பெண்ணிடம் போனார்.

பாஸ் செய்தேன். அந்தப் பகுதியில் மார்க் குறைவுதான். கவுன்சிலிலிருந்து பதிவுச் சான்றிதழ் செஞ்சி முகவரிக்குத் தபாலில் வந்தது. நைனா அதை மல்லாட்டை மண்டிக்கு எடுத்துப் போய், தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பினார். ஓரத்தில் யாருடைய விரலோ பட்டு எண்ணெய் ஏறியிருந்தது. அம்மா துணியால் ஒற்றிப் பார்த்தாள். போகவில்லை. அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு முதல் வேலையில் சேரப் போனேன்.