மஞ்சள் துணி கட்டிய கதிர்

பிரேசிலில் ஒரு பல்கலைக்கழகமும் சென்னையில் ஒரு பல்கலைக்கழகமும் கைகோத்து ஆராய்ச்சி செய்கின்றன என்று செய்தித்தாளில் படித்தால் நமக்கு என்ன தோன்றும்? கோட்டுப் போட்ட நாலு பேர் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்று தோன்றும். அந்தப் படத்தில் கனிமொழி இல்லை. படம் எடுத்த அன்று அவள் கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில், தன் நைனா பச்சையப்பனின் கழனியில், சேற்றுக் காலோடு சோளத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் இல்லையென்றால் அந்தப் பெரிய மனிதர்கள் கைகுலுக்கியதோடு சரி.

திருத்தணியில் தாவரவியல் படித்துவிட்டு, திருவள்ளூரில் ஒரு விதைக்கடையில் வேலை பார்த்தவள் கனிமொழி. சென்னைப் பேராசிரியர் துரைக்கண்ணு ஆராய்ச்சிக்கு ஆள் தேடியபோது போய்ச் சேர்ந்தாள். ஆராய்ச்சி இதுதான்: தண்டில் கரும்பு மாதிரிச் சாறு, தலையில் மனிதன் தின்னத் தானியம், இரண்டையும் ஒரே செடியில் தரும் சோளம் வேண்டும். சாற்றிலிருந்து வண்டி ஓட்ட எரிபொருள் எடுக்கலாம். அதுவும் நம் ஊர் வெயிலில், மழை பொய்த்தாலும் வாடாமல் நிற்க வேண்டும். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பழைய செஞ்சோளத்தையும் ஓர் இனிப்புச் சோளத்தையும் ஒட்டுச் சேர்த்தார்கள். பிறந்த செடிகளின் மரபணுவைச் சென்னையில் படித்து, அந்தக் கணக்கைப் பிரேசிலுக்கு அனுப்பினார்கள். அங்கே அதை அலசியவள் பெர்னாண்டா என்கிற ஆராய்ச்சியாளர்.

செடிகளை எங்கே வளர்ப்பது என்பதில்தான் முதல் தகராறு. வேலி போட்ட ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்க்கலாம் என்றார் துரைக்கண்ணு. விவசாயி நிலத்தில் மாடு மேயும், ஆள் நடப்பார்கள், எதற்கு வம்பு என்பது அவர் பயம். கனிமொழி விடவில்லை. விவசாயி கழனியில் நிற்காத சோளம் எங்கே நின்று என்ன பயன் என்று மல்லுக்கட்டினாள். பெர்னாண்டா அவள் பக்கம் பேசினாள். பச்சையப்பன் கிணற்றை ஒட்டிய நல்ல துண்டாகப் பார்த்து விட்டுக்கொடுத்தார். ஒருமுறை பார்ப்போம், ஏதாவது கெட்டுப்போனால் அடுத்த கட்டம் பண்ணைக்குத்தான் என்று சொல்லித்தான் துரைக்கண்ணு ஒத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் கனிமொழி மோட்டார் கொட்டகைக் கூரைமேல் ஏறிவிடுவாள். செல்போனுக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும். இங்கே பொழுது சாயும்போது பெர்னாண்டாவுக்கு அங்கே காலை. அவள் ஆங்கிலமும் இவள் ஆங்கிலமும் முட்டி மோதி, கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு பாஷை பிறந்துவிட்டது. இன்று தண்ணீர் விட்டாயா, நைனாவுக்கு முதுகுவலி எப்படி என்பதுவரை அதில் கேட்பார்கள். கூரைமேல் உட்கார்ந்து தனக்குத்தானே சிரிக்கும் பெண்ணைப் பார்த்து ஊர் என்னென்னவோ பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

அத்தனை செடிகளில் பெர்னாண்டாவின் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. இனிப்பும் இருந்தது, வாடாத குணமும் இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று பெர்னாண்டா போனிலேயே அழுதாள், இங்கே கூரைமேல் இவளும் அழுதாள். அந்த ஒரு கதிரின் விதைதான் அடுத்த கட்டத்துக்கே அடிப்படை. பெர்னாண்டாவே நேரில் வந்து, இரண்டு பேருமாக அறுப்பது என்று முடிவானது.

வேறு செடியின் மகரந்தம் வந்து கலக்காமல் இருக்கக் கதிர்களுக்குக் காகித உறை போட்டிருந்தார்கள். பூக்கிற சமயத்தில் ஒரு மழை வந்து உறைகளை நனைத்துக் கிழிக்கப் பார்த்தது. மற்றவற்றுக்குப் புதுக் காகித உறை மாட்டினாள். இந்த ஒன்றுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வீட்டிலிருந்த மஞ்சப்பையை வெட்டி, நெருக்கமாகத் தைத்து, செடியின் அடையாளச் சீட்டை உள்ளே போட்டு, கழுத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

தெரிந்தது. அதுதான் வினையாகப் போனது.

ஆடிக் கிருத்திகையன்று காலையில் பெர்னாண்டா சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். கனிமொழி அழைத்துவரப் போயிருந்தாள். கார் கனகம்மாசத்திரம் தாண்டும்போதே சாலையெல்லாம் காவடி. மஞ்சள் உடையும் அரோகரா சத்தமுமாகத் திருத்தணியைப் பார்த்துக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. பெர்னாண்டா கண்ணாடியை இறக்கிவிட்டு வாய் மூடாமல் பார்த்தாள். பிறகு நேராகக் கழனிக்குப் போனார்கள்.

செடி நின்றுகொண்டிருந்தது. தலை இல்லை.

கனிமொழி தண்டைப் பிடித்துப் பார்த்தாள். மாடு கடித்த மாதிரி இல்லை, அரிவாளால் வாகாக அறுத்த வெட்டு. சுற்றிலும் தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வரப்பில் பச்சையப்பன் வந்தார். மொட்டையடித்த தலையில் சந்தனம், கழுத்தில் மாலை, முகமெல்லாம் சிரிப்பு. நேரே மகளிடம் வந்து நெற்றியில் திருநீறு பூசினார்.

"உன் வேண்டுதல முடிச்சிட்டேன் கண்ணு. காலையிலயே காவடியோட எட்துகினு போயி மலையில குட்த்துட்டேன்."

"எந்த வேண்டுதல் நைனா?"

"மஞ்சத்துணி கட்டி வச்சிருந்தியே, அதான். இன்னா வேண்டிக்கினன்னு நான் கேக்கல. நேந்துகினத வாய்விட்டுக் கேக்கக்கூடாது இல்ல. நீ பட்டணம் போயிட்ட, கிருத்திக தவறிடப் போவுதேன்னு நானே அறுத்துட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நம் பக்கத்தில் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாலும், ஒரு கன்றுக்குட்டியின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டினாலும், அது சாமியுடையது. குழந்தைக்குக்கூடத் தெரியும். இத்தனை படித்தவளுக்கு அந்தப் பையை வெட்டும்போது அது தோன்றாமல் போயிற்று. அவர் மேல் கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. கோயில் குளம் என்று ஒன்றும் கேட்காத மகள் முதல்முறையாக முருகனிடம் எதையோ கேட்டிருக்கிறாள் என்று நினைத்து, அந்த மனிதர் கூட்டத்தில் நசுங்கி மலையேறி இறங்கி வந்திருக்கிறார்.

மெதுவாக, உள்ளதை உள்ளபடி சொன்னாள். பச்சையப்பனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அடி ஆத்தே. உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டனா?"

பிறகு பெர்னாண்டாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். வேறு யாராவது இருந்தால் அங்கேயே துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டிருப்பார்கள். பெர்னாண்டா போடவில்லை. போய்ப் பச்சையப்பன் பக்கத்தில், அதே வரப்பில், புதுப் பேண்ட்டில் மண் ஒட்ட உட்கார்ந்தாள்.

"முதலில் இவரைச் சாப்பிடச் சொல்லு. காலையிலிருந்து பட்டினிபோலத் தெரிகிறது. அப்புறம் நாம் மூன்று பேரும் போய்க் கேட்போம்" என்றாள்.

அதை மகள் தமிழில் சொன்னதும் பச்சையப்பன் பதறிப்போனார். "சாமிக்குக் குட்த்தத திருப்பிக் கேக்கறதா? என் வாயால கேக்கமாட்டேன் கண்ணு. அதுவுமில்லாம அங்க வர்ற தானியத்தையெல்லாம் ஒண்ணாக் கொட்டிடுவாங்க. நெல்லு, கேவுரு, கம்பு எல்லாம் ஒரே குவியல். எங்கன்னு பொறுக்குவ?"

"நீ கேக்க வேணாம் நைனா. கூட வா, அது போதும்."

கார் மலைமேல் போக வழியில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறினார்கள். முன்னால் பச்சையப்பன், தப்புச் செய்த பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு. நடுவில் பெர்னாண்டா, யாரோ தலையில் வைத்துவிட்ட சாமந்திப் பூவோடு. பின்னால் கனிமொழி. ஒன்றாகக் கொட்டியிருந்தால் எல்லாம் முடிந்தது என்று அவள் மனசு அடித்துக்கொண்டே வந்தது. அடுத்த வருஷம் வேலிக்குள் நிற்கும் சோளத்தையும், நைனாவின் கிணற்றடி வெறுமையாகக் கிடப்பதையும் நினைத்துப் பார்த்தாள். அவர் காலமெல்லாம் தன்னால்தான் என்று புழுங்குவாரே என்பதுதான் அதைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

மடப்பள்ளி வாசலில் சாய்கிருஷ்ணன் நின்றிருந்தார். தலைமுறை தலைமுறையாக மலைமேல் சாமிக்குச் சமைக்கிற குடும்பம். புகையில் கண் சிவந்து, வேர்வை சொட்ட, நாலு பேரை ஒரே நேரத்தில் வேலை ஏவிக்கொண்டிருந்தவர், பச்சையப்பனைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"வாங்கோ. உங்களைத்தான் தேடிண்டிருந்தேன். முடிப்பைக் குடுத்துட்டு அவிழ்க்காமப் போயிட்டேளே."

உள்ளே போய் எடுத்து வந்தார். மஞ்சள் துணி. கனிமொழி போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"முடிஞ்சு வந்ததை நேர்ந்துண்டவா கையாலதான் அவிழ்க்கணும். முடிச்சை நான் தொடமாட்டேன். ஆணியிலே மாட்டி வெச்சுட்டேன்" என்றார்.

கனிமொழிக்குக் கண் மறைத்தது. அந்த மனிதரின் காலில் விழலாம்போல இருந்தது. எந்த மஞ்சள் துணி கதிரை மலைக்குக் கொண்டுவந்ததோ அதே துணிதான் அதைக் குவியலில் விழாமல் காப்பாற்றியிருக்கிறது.

"யாரோட வேண்டுதல்?" என்று கேட்டார் சாய்கிருஷ்ணன்.

"எம் பொண்ணோடதுங்க" என்றார் பச்சையப்பன்.

"நீ என்னம்மா வேண்டிண்டே?"

"நான் வேண்டிக்கலைங்க சாமி. ஆராய்ச்சிக்காகக் கட்டினது. நைனாவுக்குத் தெரியாது" என்று நடந்ததைச் சொன்னாள்.

சாய்கிருஷ்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேண்டிக்காமக் கட்டினது முடிப்பே இல்லையேம்மா. அப்போ இது சாமிக்கு வந்ததில்லே, உங்காத்து விதை. தாராளமா எடுத்துண்டு போ" என்று நீட்டினார்.

கையில் வாங்கிவிட்டாள். துணிக்குமேல் தடவிப் பார்த்தாள், கதிர் முழுசாக இருந்தது. வந்த காரியம் முடிந்தது, இறங்கிப் போக வேண்டியதுதான். திரும்பும்போது நைனாவின் முகத்தைப் பார்த்தாள். விதை கிடைத்த சந்தோஷம் அதில் இருந்தது. அதற்கு அடியில், தான் சுமந்து வந்தது சாமிக்குப் போகவே இல்லை என்கிற ஏக்கமும் இருந்தது. மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களைத் துண்டிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

கனிமொழி பெர்னாண்டாவைப் பார்த்தாள். ஒரு கைப்பிடி விதை என்றால் எத்தனை செடி என்று இரண்டு பேருக்கும் தெரியும். கேட்காமலே பெர்னாண்டாவுக்குப் புரிந்துவிட்டது. கொடு என்று தலையை அசைத்தாள்.

"சாமி, இப்ப வேண்டிக்கினா ஆவாதுங்களா?"

"எப்போ வேண்டிண்டா என்ன?"

அங்கேயே நின்று கண்ணை மூடினாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. முடிச்சை அவிழ்த்தாள். கதிரைக் கசக்கி, கை நிறையச் செம்மணிகளை எடுத்து, நைனாவின் உள்ளங்கையில் கொட்டினாள்.

"நீயே குடு நைனா. நீ சொமந்துகினு வந்தது."

பச்சையப்பன் இரண்டு கையாலும் அதைச் சாய்கிருஷ்ணன் நீட்டிய தட்டில் சேர்த்தார். மீதி விதையின்மேல் சாய்கிருஷ்ணன் ஒரு சிட்டிகைத் திருநீறு தூவினார். ஆய்வகத்தில் அதைத் துடைத்துக்கொள்ளலாம் என்று பெர்னாண்டா காதோடு சொன்னாள். கனிமொழிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

அன்று சாயங்காலமே துரைக்கண்ணுவுக்கு எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், பண்ணையில் வேலி இருக்கிறது, ஆணியில் மாட்டி வைக்க ஆள் இல்லை என்றார். கழனியிலேயே நடக்கட்டும் என்பதற்கு அதுதான் அவர் பாஷை.

அடுத்த கட்டத்துக்கான கழனி வரைபடம் சில வாரங்களில் பிரேசிலிலிருந்து வந்தது. இரண்டு பல்கலைக்கழகங்களும் கையெழுத்துப் போட்ட வரைபடம். எந்தப் பாத்தியில் எந்தச் செடி என்று பச்சைக் கட்டங்களாகப் போட்டிருந்தது. கனிமொழி மோட்டார் கொட்டகைக் கூரையில் உட்கார்ந்து செல்போனில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் மஞ்சளாக இருந்தது. பெர்னாண்டா அதற்குள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: அறுவடைக் கணக்கில் சேராது, மலைக்கு உரியது.

கீழே மடை மாற்றிக்கொண்டிருந்த பச்சையப்பனுக்கு அதைப் படித்துச் சொன்னாள். அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"அந்தம்மாவே போட்டாங்களா?"

"ஆங் நைனா. அவங்களேதான்."

அவர் மலை இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு சற்றுத் திரும்பி, பிரேசில் எந்தப் பக்கம் என்று தெரியாமல், பொழுது சாய்கிற பக்கமாகப் பார்த்து இன்னொரு கும்பிடு போட்டார்.