படமில்லாமல் போன செய்தி

புண்ணுக்கு மருந்து போடும் ஊழியம் என்று சொல்லித்தான் சபையார் ஒரு நர்ஸைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். வந்து இறங்கிய மாதமே திட்டம் மாறியது. மருத்துவ அறையை மூடிவிட்டு, காணிக்கை தருகிறவர்களுக்குப் படமும் செய்தியும் அனுப்பும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள். கர்த்தர் சித்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

அன்று சீழ் வடியும் காலோடு ஒரு பெரியவர் வந்தார். மருத்துவ அறை இல்லாததால் அவள் தன் அலுவலகத்திலேயே கழுவிக் கட்டி முடித்த நேரம், அந்தச் சபையின் போதகர் கேமராவோடு நுழைந்தார்.

"என்னக்கா, அதுக்குள்ள கட்டிட்டீங்களா? புண்ணு தெரிஞ்சாத்தானே காணிக்கை தர்றவங்க மனசு இளகும். அவுத்துடுங்க."

"உங்க அப்பா காலா இருந்தா அவுப்பீங்களா ஐயா?"

அதற்குள் பெரியவரே குனிந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். "சண்டை வேணாம்மா. போன தடவையும் அவுத்துதானே காட்டினேன்."

அவள் பெரியவரின் கையை மெல்ல விலக்கினாள். போதகருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புதுத் துணியால் காலை மறுபடி கட்டினாள். அந்த மாதச் செய்தி படமில்லாமல் போயிற்று.