குளத்துத் திட்டில் விட்ட பூனை

எங்கள் ஊரில் பூனையை அடிக்க மாட்டார்கள். பொரித்த மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் ஏசுவதோடு சரி. பூனையை வதைத்தால் பெரிய பாவம் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அவ்வளவு இரக்கமுள்ள ஊர்தான் இந்தக் காரியத்தையும் செய்து வைத்தது.

இலங்கையில் வில்கமுவப் பக்கம் எங்கள் ஊர். குளத்தின் நடுவில் ஒரு மண் திட்டு இருந்தது. மழை பெய்து குளம் நிரம்பினால் அது தீவாகிவிடும். அது தனி ஆளின் காணியல்ல, ஊருக்கே பொது. மாரியில் குளம் நிரம்பிய பிறகு கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்து அங்குள்ள குட்டைப் புதர்களில் கூடு கட்டும். அவை முட்டையிட்டுவிட்டால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் தோணி விடக்கூடாது. பள்ளிவாசலில் கூடிப் பேசி வைத்த கட்டுப்பாடு அது. பறவைகள் போன பிறகு, எச்சம் ஊறிய மண்ணை எல்லா வீடுகளும் பங்கு போட்டு மிளகாய்க் கன்றுகளுக்குப் போடும். அதனால் கட்டுப்பாட்டை மீற யாரும் துணிவதில்லை.

அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பூனை கருவாட்டுப் பானையைக் காலி செய்வதையே தொழிலாக வைத்திருந்தது. உம்மாவின் பொறுமை போய்விட்டது. ரோட்டில் விட்டால் நாய் கடித்துவிடும் என்று உம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு வழி கண்டுபிடித்தார். திட்டைச் சுற்றித் தண்ணீர் ஏறியதும், பறவைகள் வருவதற்கு முன்பே, ஒரு நாள் விடியற்காலையில், அதைச் சாக்கில் போட்டுக் கட்டித் திட்டில் கொண்டுபோய் விட்டார்.

“பாவம், வாயில்லா ஜீவன். அங்க எலி, மீன் தின்னு பொழச்சுக்கும். ஒரு பூனையால என்ன ஆகப்போகுது?” என்றார். நான் சோறு தின்னாமல் அழுதேன்.

கொக்குகள் வந்தன, கூடு கட்டின. கட்டுப்பாட்டின்படி யாரும் அங்கே போகவில்லை. ஆனால் குஞ்சுகள் கத்தி ஊரையே எழுப்ப வேண்டிய காலத்தில் திட்டு சத்தமில்லாமல் கிடந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஊர் ஆட்கள் நாலைந்து தோணிகளில் போனார்கள். நானும் அடம்பிடித்து மாமாவின் தோணியில் ஏறிக்கொண்டேன்.

திட்டின் கரையிலிருந்தே இறகுகள். புதருக்குப் புதர் கவிழ்ந்த கூடுகள், தலையில்லாத குஞ்சுகள். உயிருள்ள கொக்கு ஒன்றைக்கூடக் காணவில்லை. மாமா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு பூன இவ்வளவையும் செய்ய ஏலாது” என்று முணுமுணுத்தார்.

அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு செம்பூனை வந்தது. “இது எங்கட பூன” என்றார் பக்கத்து வீட்டுச் சாச்சா, மெல்ல. அடுத்து வந்த சாம்பல் பூனையைப் பார்த்து, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இன்னொன்று, அதன் பின்னால் குட்டிகள். ஒவ்வொரு வீடும் தன் பூனை மட்டும்தான் என்று நினைத்து, அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் கொண்டுவந்து விட்டிருக்கிறது. யாரும் யாரையும் ஏசவில்லை. யாருக்குத்தான் ஏச முகம் இருந்தது?

கடைசியாக எங்கள் பூனை வந்தது. நன்றாகக் கொழுத்து, வாயில் ஒரு சின்னச் சிறகைக் கவ்வியபடி. நான் பாய்ந்து அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“மாமா, நம்மட பூன சாகல்ல” என்று சிரித்தேன்.

அத்தனை பெரியவர்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு நல்ல செய்தியைக் கேட்டுவிட்டு மாமா ஏன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.