சௌந்திரம் வைத்த பொட்டு

கம்ப்ரஸர் நின்றுபோனதற்குச் சௌந்திரம் வைத்த பொட்டுதான் காரணம் என்று அவளுடைய கொழுந்தனார் மயில்சாமி சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டையாம்பட்டியில் அவள் வீட்டுக்கு அடுத்த வீடு எனது. தறி ஓட்டுகிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்பார் என் புருசன். சொல்லட்டும்.

சௌந்திரம் பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கிறவள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டாய், அதில் காற்றடைக்க ஒரு கம்ப்ரஸர், அந்தக் காற்றில் பெயிண்ட் அடிக்க ஒரு ஸ்ப்ரே கன். புருசன் செங்கோடன் போன பிறகு மூலையில் உட்காருவாள் என்று சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கன்னைக் கையில் எடுத்தாள். போன ஆயுத பூஜைக்கு, தாலி அறுத்தவள் மெசினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று மயில்சாமி வந்து வைத்துவிட்டுப் போனார். இந்த வருசம் அவர் வருவதற்குள் இவளே சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து டேங்க், மோட்டார், ஸ்விட்ச் டப்பா, அதன் அடியில் இருந்த குட்டி வால்வு என்று ஒன்று விடாமல் வைத்து முடித்துவிட்டாள்.

பூஜை கழிந்து மெசினைப் போட்டாள். காற்று ஏறியது, தானாக நின்றது. பெயிண்ட் அடித்துக் காற்று இறங்கியதும் திரும்பக் கிளம்ப வேண்டுமே, கிளம்பவில்லை. உம்மென்று உறுமிவிட்டு ட்ரிப் ஆகிவிட்டது. சேதி கேட்டு வந்த மயில்சாமிக்கு வாயெல்லாம் பல்.

"நாந்தான் சொன்னனே அண்ணி, உங்க கை பட்டா வெளங்காதுன்னு. கொட்டாயக் காலி பண்ணிக் குடுங்க. கோழித் தீவனமாச்சும் அடுக்கிக்கறேன்."

"மெசினு ஓடுச்சுன்னா?"

"பொழுதுக்குள்ள ஓட்டிக் காட்டுங்க. அப்பறம் நான் இந்தப் பக்கமே வரமாட்டனுங்க."

"செரி தம்பி, அங்கயே உக்காருங்க. போயிராதீங்க."

நானும் கொட்டாய்க்குள் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். கொட்டாய் போனால் அவளுக்குப் பிழைப்பு ஏது? அவள் முகத்திலோ பயமே இல்லை. அதே பிளக்கில் கிரைண்டரை மாட்டினாள், நன்றாகச் சுற்றியது. கரண்டில் குறையில்லை. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரைக் கழற்றி, வீட்டில் இருந்த வேறொன்றை மாட்டினாள். மறுபடி அதே உறுமல். மயில்சாமி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பாவி மனுசன்!

அடுத்து டேங்குக்கு அடியில் இருக்கும் குழாயைத் திறந்து காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட்டு மெசினைப் போட்டாள். கும்மென்று ஓடியது. நான் கைதட்டிவிட்டேன். காற்று நிரம்பி நின்றதும் கன்னை அழுத்திக் கொஞ்சம் இறக்கினாள். பழையபடி உறுமல்.

"மாரக்கா, காலியா இருந்தா கெளம்புது, காத்து இருந்தா மொனகுது. நிக்கறப்ப புஸ்ஸுனு ஒரு சத்தம் வருமே, கேட்டீங்களா?"

என்னிடம்தான் கேட்டாள். தினம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிற சத்தம். இன்று கேட்கவில்லை. மோட்டார் நின்றதும் பிஸ்டன் தலையில் அடைபட்ட காற்றை அந்தக் குட்டி வால்வு வெளியே விட வேண்டும். விடாவிட்டால் மோட்டாருக்கு அதைத் தள்ளிக்கொண்டு கிளம்பத் தெம்பு இருக்காது. பிளக்கைப் பிடுங்கி, காற்றை இறக்கி, வால்வைக் கழற்றினாள். உள்ளே போய் வந்து அசைய வேண்டிய குட்டிக் கம்பியைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து கல்லாகப் பிடித்திருந்தது.

"சொல்லிராத சாமி, தொடச்சுப் போட்டு மாட்டிரு" என்று அவள் காதில் சொன்னேன்.

கேட்டால்தானே! நேராகப் போய் மயில்சாமி முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

"பாத்துக்குங்க. பொட்டாலதான் நின்னுச்சு."

"பாத்தீங்களா! நான் சொன்னது..."

"இருங்க. இதுல நீங்க வெச்சிருந்தாலும் நின்னுருக்கும். எடந்தான் தப்பு. வெச்ச கை தப்பில்லீங்க."

பெயிண்ட் கரைக்கிற தின்னரில் கழுவி, கம்பி தாராளமாகப் போய் வருகிறதா என்று அழுத்திப் பார்த்து மாட்டினாள். மெசின் ஓடியது, நிரம்பியது, புஸ்ஸென்று மூச்சு விட்டு நின்றது. கன்னை அழுத்தினாள். திரும்பக் கிளம்பியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மயில்சாமி செருப்பைத் தேடினார்.

"இருந்து பாத்துட்டுப் போங்க தம்பி."

உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்து வந்தாள். டேங்கின் நட்ட நடுவில், வால்வுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். விரலில் மிச்சம் ஒட்டியிருந்த குங்குமத்தை, அவர் பார்க்கப் பார்க்கத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.