ஏணியடியில் வானிலை அறிக்கை

ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் தாடையைக் கையால் தடவிப் பார்க்கிறார். பிறகு கீழே நின்று கிரேனுக்குக் கையால் சைகை காட்டுகிற சிக்னல்காரரிடம் சொல்கிறார்: "இன்னிக்குக் கொஞ்சம் எரிச்சல். காலையில பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா. டீ நேரத்துக்குள்ள அடங்கிடும். அதுவரைக்கும் சிக்னலை நிதானமா குடு." சிக்னல்காரர் தலையாட்டுகிறார். இவர் மேலே ஏறத் தொடங்குகிறார்.

டவர் கிரேன் ஓட்டுகிறவர். எங்கள் கட்டுமானத் தளத்தில் இவருக்கு வைத்திருக்கிற பெயர் 'வானிலை'. வயதில் சிறியவர்கள் மரியாதையாக 'வானிலை அண்ணன்' என்பார்கள். "அண்ணே, இன்னிக்கு மழை உண்டா?" என்று யாராவது கிண்டலாகக் கேட்டால், "தூறல்தான், குடை வேண்டாம்" என்று பதில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

நான் அதே தளத்தில் ஸ்டோர் பார்க்கிறவன். கம்பியும் ஆணியும் சிமெண்ட் மூட்டையும் என் பொறுப்பு. மனிதர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. இருக்கிற சாமானை இல்லை என்றும், இல்லாததை நேற்றே கொடுத்துவிட்டேன் என்றும் சாதிக்கிறவர்களோடுதான் என் பொழுது போகிறது. ஆகவே இவரைப் பார்த்தபோது, ஏதோ வேஷம் கட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இந்தப் பழக்கம் வந்த விதம் சொல்லத் தக்கது. கம்பெனியில் ஒருமுறை எங்களுக்கு வகுப்பு எடுக்க ஓர் அம்மாள் வந்தார். வேலையைத் தொடங்கும் முன் உங்கள் மனதில் இருப்பதற்குப் பெயர் வையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லுங்கள் என்றார். சாப்பாடு முடிந்த நேரம், ஏ.சி. அறை. முக்கால்வாசிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். என் முறை வந்தபோது, "தூக்கம்" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன். சாயங்காலமே எல்லோரும் அதை மறந்துவிட்டோம். இவர் மட்டும் மறுநாள் ஏணியடியில் நின்று, "பயமா இருக்கு" என்றார். வருஷக்கணக்காக அந்த உயரத்தில் உட்கார்ந்து பழகிய மனிதர் இப்படிச் சொன்னதும், சிக்னல்காரர் இன்ஜினியரைக் கூப்பிட ஓடினார்.

தன் உடம்பில் எது எங்கே வந்து உட்காரும் என்று அவருக்குத் தெரியும். "கோவம் தாடையில. பயம் இடது முழங்கால்ல. பெருமை இருக்கே, அது கட்டை விரல்ல. அதுதான் ரொம்பப் பொல்லாதது. கிரேன் லிவரைப் பிடிக்கிறதே அந்த விரல்தானே?" யாராவது அவர் வேலையைப் பாராட்டிவிட்டால் உடனே மேலே போகமாட்டார். "கொஞ்சம் இருங்க, இது இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு மணல் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்து வருவார். இதனாலேயே இன்ஜினியரம்மா அவரைச் சாயங்காலம்தான் பாராட்டுவார்.

ஒருமுறை கிரேன் உச்சியில் இருக்கிற அவருடைய கேபினுக்குள் ஏறிப் பார்த்தேன். ஏறினதே என் ஜென்மத்துக்குப் போதும். ஒரு நாற்காலி, கீழே பார்க்கக் காலடியில் கண்ணாடி, ஒரு தண்ணீர் பாட்டில், கண்ணாடி துடைக்க ஒரு துணி. மற்ற ஆபரேட்டர்கள் பிள்ளைகளின் போட்டோவை ஒட்டி வைத்திருப்பார்கள். இவர் ஒட்டவில்லை. "பார்த்தா வீட்டு ஞாபகம் வரும். அப்புறம் கை என் பேச்சைக் கேக்காது" என்றார்.

வீட்டிலும் இதே கதைதான். செருப்பைக் கழற்றும்போதே, "இது பசி. பார்க்கக் கோவம் மாதிரிதான் இருக்கும், நம்பிடாதே" என்று மனைவியிடம் அறிவித்துவிடுவாராம். அந்த அம்மாள் என்னிடம் அலுத்துக்கொண்டார்: "சண்டைன்னா ரெண்டு பேரும் ஒழுங்கா போடணும் இல்லீங்களா? நான் நல்லாச் சூடு பிடிச்சுக்கிட்டு வர்ற நேரத்துல, 'நீ சொல்றதுதான் சரி, தோத்துடுவேன்னுதான் இப்படிக் கத்தறேன்'னு சொல்லிட்டு உக்காந்துடுவாரு. அதுக்கு மேல நான் என்னத்தைப் பேசறது? மிச்சத்தை அடுப்பங்கரையில பாத்திரத்துக்கிட்டதான் பேசணும்." அலுப்பு பாதி, பெருமை பாதி. கேட்டுக்கொண்டிருந்த மகள் சிரிப்பை அடக்கப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

போன மாதம் பழைய சிக்னல்காரருக்கு முட்டியில் ஆபரேஷன். அவருக்குப் பதிலாகக் கம்பெனி வேறொரு தளத்திலிருந்து அனுப்பிய ஆள், நம் வானிலை அண்ணனின் கூடப் பிறந்த தம்பி. கம்பெனிக்கு அது தெரியாது. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் தெரியாது. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைத் தம்பிதான் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். "பெத்தவளை எட்டிப் பார்க்கக்கூட உனக்கு நேரமில்ல" என்று அண்ணனிடம் போனில் ஒருநாள் சொல்லியிருக்கிறார். அதோடு இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் காலையில் ஏணியடிக்கு வந்தவர், தம்பியைப் பார்த்தார். தாடையைத் தடவினார். "என்னண்ணே, எப்படி இருக்கு இன்னிக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறிவிட்டார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு என்னவோ போல இருந்தது.

அன்று முற்பகல் மேல் மாடிக்குக் கம்பிக் கட்டுகள் போய்க்கொண்டிருந்தன. சரிபார்க்க நானும் அங்கே நின்றேன். ஒரு கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி கேபினைப் பார்த்து முஷ்டியை மடக்கிக் காட்டினார். நிறுத்து என்று அர்த்தம். கட்டு இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்ந்து வந்து, பிறகுதான் நின்றது. தம்பி ஓர் அடி பின்னால் போனார். அவ்வளவுதான் நடந்தது. பிறகு கட்டு அதன் இடத்தில் சாதுவாக இறங்கியது, கொக்கியைக் கழற்றினார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

கிரேன் அப்படியே ஓய்ந்தது. பார்த்தால், இவர் ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். கீழே வந்து, கட்டடத்தின் படிகளில் மறுபடி ஏறி, மூச்சு வாங்க நாங்கள் நின்ற மாடிக்கு வந்து சேர்ந்தார். கான்கிரீட் வண்டிகள் வருகிற நேரம். இன்ஜினியரம்மா பதறிப்போய், "மெஷின்ல கோளாறா?" என்று கேட்டார்.

"மெஷின் நல்லா இருக்கும்மா" என்றவர் தம்பியின் எதிரே போய் நின்றார். "நீ கையை மடக்கினதை நான் பார்த்தேன். பார்த்த உடனே நிறுத்தல. நீ பயந்து ஒதுங்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு."

மாடியில் இருந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கயிறு ஆடுதுன்னு நினைச்சேன்" என்றார்.

"நீ அப்படித்தான் நினைப்பே. மேல இருக்கிறது நான்தானேன்னு நம்பி நிக்கிற." தாடையைத் தளர்த்திக்கொண்டார். "அம்மாவைப் பார்க்க வரலைன்னு நீ சொன்னது நிஜம். பொய்யா இருந்தா இவ்ளோ எரிஞ்சிருக்காது. காலையில உன்கிட்டயே இதைச் சொல்லியிருக்கணும். சொல்லாம ஏறிட்டேன்."

இன்ஜினியரம்மா நல்லவர். இது மேலிடத்துக்குப் போனால் இந்த மனிதர் அந்தக் கேபினுக்குள் மறுபடி உட்கார முடியாது என்று அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி, "காத்து அடிச்சது, அதனால இறங்கிட்டாருன்னு சொல்லிடலாம். நீங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க" என்றார்.

"காத்து இல்லம்மா. நான்தான்."

யாரும் பார்க்காத ஒரு தவறு. பாதிக்கப்பட்டவனுக்கே தெரியாத தவறு. ஒரு மூச்சு நேரம் தன் கைக்குள் ஓடிய கெட்ட எண்ணத்தை அந்த உயரத்தில் கையும் களவுமாகப் பிடித்து, கீழே அழைத்து வந்து, எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டார். என்னால் இது ஆகாது. கடையில் சில்லறை வாங்கும்போது முகம் சுளித்ததைக்கூட நான் வெயில் மேல் பழி போடுகிறவன்.

இன்ஜினியரம்மா வேறு ஆபரேட்டருக்குப் போன் செய்தார். "இன்னிக்கு நீங்க ஏற வேண்டாம். நாளைக்கு என்னன்னு மேல கேட்டுட்டுத்தான் நான் சொல்லணும்" என்றார் தயக்கத்தோடு. "சரிம்மா" என்றார் இவர். தம்பி யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மேல கேக்கும்போது இதையும் சொல்லிடுங்க மேடம். மேல எங்க அண்ணன் இருந்தாத்தான் கீழ நான் நிப்பேன்."

எல்லோரும் கலைந்து அவரவர் வேலைக்குத் திரும்பினோம். நான் கம்பிக் கட்டின் சீட்டைச் சரிபார்க்கக் குனிந்தவன் நிமிர்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன் தம்பி நின்றிருந்த இடத்தில் இவர் போய் நின்றார். தலையைத் தூக்கி, மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்த கொக்கியைப் பார்த்தார். பார்த்தபடியே, தம்பி செய்தது போலவே, ஓர் அடி பின்னால் வைத்தார். முதுகு விளிம்பின் தடுப்புக் குழாயில் இடித்தது. குழாயை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மெதுவாகத் திரும்பிக் கீழே பார்த்தார்.